மூலப்பொருள்கள்

"கடைக்குப் பேரென்ன அக்கா?"
என்றான் ஜெர்ஷோம், கருங்கல் இ-சேவை மையத்தில்,
விசைப்பலகையின் மேல் விரல்களை நிறுத்திக்கொண்டு.
எனக்கே பேர் உறுதியாகாத நேரம்.
ஆதாரில் கிரேஸ் விமலாபாய்.
பான் அட்டையில் விமலாபாய் கிரேஸ்.
வங்கிப் புத்தகத்தில் வெறும் விமலா.
மூன்று பேரும் ஒருத்திதான் என்று
முத்திரைத்தாளில், நோட்டரி முன்,
சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான்
ஏத்தங்காய் சீவ விட்டார்கள்.

சீவத் தெரியாதவள் இல்லை.
ஒன்பது வருஷமாகப் புறவாசலில் அடுப்பு கூட்டி
ஓணத்துக்கும் கிறிஸ்மசுக்கும் கல்யாண வீட்டுக்கும்
கேட்டவருக்கெல்லாம் வறுத்துக் கொடுத்தவள்.
அது தொழில் இல்லையாம்.
அதுவரை நான் நிரப்பிய எல்லாப் படிவத்திலும்
தொழில் என்ற கட்டத்துக்குள்
'இல்லை' என்றுதான் இருந்தது,
என் கையெழுத்தில்.

கட்டட உடைமைக்காரர் தோபியாஸ் மஸ்கட்டில்.
அவர் சம்மதக் கடிதம் வாட்சப்பில் வந்தது,
தலைகீழாக.
வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு.
"பன்னிரண்டாம் மாதம் எண்ணெயை ஆற வைக்கணுமா?"
பத்திரம் எழுதுபவர் சிரிக்கவில்லை.
நூறு பேராவது கேட்டிருப்பார்கள் போல.

பேரூராட்சியில் வீட்டுவரி ரசீது கேட்டார்கள்.
ரசீதுக்குப் போனால் குடிநீர்ப் பாக்கி நின்றது.
யாரோ குடித்த தண்ணீருக்கு நான் காசு கட்டினேன்.
என் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க
ஒரு குப்பியில் பிடித்து, மடியில் வைத்து,
நாகர்கோவில் பஸ்ஸில் போனேன்.
திங்கள்நகர் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரி
"புனிதத் தண்ணியா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
அவள் இரண்டு சொட்டு கேட்டாள். கொடுத்தேன்.

தராசுக்கு முத்திரை குத்திக் கொண்டுவந்த அன்று
வழக்கம்போல் கையால் அள்ளி வைத்தேன்,
இருநூறு கிராம்.
இருநூற்று முப்பத்தெட்டு காட்டியது.
ஒன்பது வருஷம், பொட்டலத்துக்கு முப்பத்தெட்டு.
ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர்
கை கழுவாமலே ஒன்றை எடுத்து வாயில் போட்டு
"அதுக்குத்தானே பிள்ளே ஆளு வந்துது" என்றார்.

கடைசியில் ஒட்டுச்சீட்டு.
"சேர்க்கிற எல்லாத்தையும் எழுதணும் அக்கா.
நெறைய உள்ளது மொதல்ல, கொறைஞ்சது கடைசில."
ஏத்தங்காய். வெளிச்செண்ணெய். உப்பு. மஞ்சள்.
அவன் 'தேங்காய் எண்ணெய்' என்று தட்டினான்.
"அவ்வளவுதானா?"

மின்விசிறி சுற்றியது.
மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று
அம்பிளி எத்தனை தடவை கேட்டிருப்பாள்,
அப்படி என்னதான் போடுறே என்று.
அவள் மகள் கல்யாணத்துக்கு
நாற்பது கிலோ வறுத்த ராத்திரியில்கூடச்
சொல்லவில்லை.
மேலே பதினான்கு இலக்கத்தில்
உணவுப் பாதுகாப்பு எண் நிற்கிறது.
அதன் கீழே பொய் எழுதக் கை வருமா?
வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே
குரலைத் தாழ்த்தினேன்.
"உப்புத் தண்ணியில ஒரு நுள்ளு வெந்தயம்."
"வெந்தயம்!" என்று
உரக்கச் சொல்லியே அடித்தான், படுபாவி.

"பேரு இன்னும் சொல்லலியே?"
அந்தச் சத்தியத்தாள் பையில்தான் இருந்தது.
"ஒருத்தி" என்றேன்.
"ஒருத்தி சிப்ஸ். அப்படியே அடிச்சிரட்டா?"
அடி.

கடை திறந்த மூன்றாம் நாள் அம்பிளி வந்தாள்.
முழு விலை கொடுத்தாள், சில்லறை எண்ணி வாங்கினாள்.
பாக்கெட்டைப் பிரிக்கவில்லை; திருப்பினாள்.
நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி
பேரைத் தாண்டி, எண்ணைத் தாண்டி, எடையைத் தாண்டி
அவள் விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

நான் தராசைத் துடைத்தேன்.
துடைத்ததையே துடைத்தேன்.